நீலம் எங்கிருந்து கசிகிறது?

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கிறேன். கணவர் காபி எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். பழைய காகிதத்திலும் புத்தகத் தாளிலும் மணி உருட்டி மாலை, தோடு செய்து, ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்து விற்கிறேன். மழைக்காலம் வந்தால் மணியின் வால் (உருட்டிய பட்டையின் கடைசி நுனி) பிரிந்து நிற்கிறது, மேலே அடித்த பாலிஷ் வெள்ளை பூத்துவிடுகிறது. தோடு வாங்கிய இரண்டு பேர் காது அரிக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பழுப்பேறிய புத்தகத் தாளுக்குத்தான் கிராக்கி. எங்களோடு இருக்கும் மாமனாரின் (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்) ட்ரங்க் பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். கண் மங்கிவிட்டதால் அவர் இப்போது படிப்பதில்லை. அந்தப் புத்தகங்கள் சிலவற்றில் மட்டும் ஓரத்திலிருந்து நீலம் கசிந்து மணி முழுக்கப் படிகிறது. தடுக்க எதைப் பூசலாம்? ஒரு மாலைக்கு என்ன விலை வைக்கலாம்? கணவர் ‘குப்பை வேலை’ என்று கேலி பேசுகிறார். மனசு சோர்ந்துவிட்டது, ஆறுதலாக நாலு வார்த்தை எழுதுங்கள்.
– வாசகி, ஏற்காடு

பதில்: நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை. ஆறுதலும் இப்போதைக்கு இல்லை. முதலில் அந்த நீலம்.

அச்சு மை எண்ணெயில் குழைத்தது. தாளில் இறுகிவிட்டால் தண்ணீர் பட்டாலும் அசையாது. ஃபெவிகாலில் இருக்கும் ஈரமும் தண்ணீர்தான், அது அச்செழுத்தை ஒன்றும் செய்யாது. இன்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த தாளாக இருந்தால் பெரும்பாலும் கரையும். மாமனாரின் ட்ரங்க் பெட்டியில் அது ஏது? நடுவில் கறுப்பு அப்படியே நிற்க, ஓரத்திலிருந்து மட்டும் நீலம் இறங்குகிறது என்றால் அது பேனா மை. பால்பாயிண்ட்டாகவும் இருக்கலாம். அது தண்ணீருக்கு அசையாது, பாலிஷில் இருக்கும் ஸ்பிரிட்டுக்குக் கரையும். ஃபவுண்டன் பேனா மை என்றால் பசையின் ஈரமே போதும். எதுவானாலும், யாரோ பக்கத்தின் ஓரத்தில் கையால் எழுதியிருக்கிறார்கள். ஒரு தமிழாசிரியரின் பெட்டியில், அவருடைய புத்தகத்தில், யார் எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

வகுப்பில் சொல்வதற்காகக் குறித்த விளக்கமாக இருக்கலாம். அருஞ்சொல்லுக்குப் பொருளாக இருக்கலாம். அந்தக் காலத்து வீடுகளில் குழந்தை பிறந்த நாள், நட்சத்திரம், நாழிகையைக்கூட கைக்குக் கிடைத்த புத்தகத்தின் கடைசித் தாளில் குறித்து வைப்பார்கள். உங்கள் கணவர் பிறந்த நேரமே அங்கே எங்காவது இருந்திருக்கலாம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பட்டை பட்டையாக வெட்டியபோது அந்தக் கையெழுத்துக்குக் குறுக்கேதானே கத்தரி போயிருக்கிறது? அப்போது கண்ணில் படவில்லை. மணியின் நிறம் கெட்ட பிறகுதான் பட்டது, அதுவும் பூச்சு சம்பந்தப்பட்ட சந்தேகமாக.

தடுக்க வழி உண்டு. எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

இவ்வளவு எழுதியவர், மாமனாரிடம் கேட்டுவிட்டு எடுத்தேன் என்று ஒரு வரி எழுதவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். ‘கண் மங்கிவிட்டதால் படிப்பதில்லை’ என்கிறீர்களே, பார்வை குறைந்தால் பொருள் மேல் இருக்கும் உரிமையும் குறைந்துவிடுமா? ஒரே கூரைக்கடியில் இருக்கும் பெரியவர், காது கேட்கும், வாய் பேசும். அவர் பெட்டியில் கை வைக்கும் முன் ‘எடுத்துக்கட்டுமா மாமா’ என்று ஒரு வார்த்தை. அதைக் கேட்காமல் எடுப்பதற்கு நம் ஊரில் என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். நான் எழுத வேண்டாம்.

அந்தக் கண்ணை யாராவது டாக்டரிடம் காட்டினீர்களா? அதையும் எழுதவில்லை. வயதானால் மங்கத்தான் செய்யும் என்று விட்டுவிடுகிற வீடுகளை நிறையப் பார்த்தாயிற்று. கண்புரை என்றால் சின்ன அறுவை சிகிச்சை, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு நீங்கள் ஒரு பஸ் ஏறி இறங்க வேண்டும், அவ்வளவுதான். கண்ணில் அழுத்தம் கூடியிருந்தாலோ, சர்க்கரையால் விழித்திரை கெட்டிருந்தாலோ கதை வேறு. கண் அழுத்தத்தால் போன பார்வை திரும்பாது. மிச்சத்தைத்தான் காப்பாற்ற முடியும். எது என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். புரை எடுத்த பிறகு மாமனார் முதலில் கேட்கப்போவது அந்தப் பெட்டியைத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவருக்கும் சேர்த்தே சொல்கிறேன், பக்கத்தில் இருந்தால் படித்துக் காட்டுங்கள். மனைவி செய்வது குப்பை வேலை என்று சிரிக்கத் தெரிகிறது. அப்பாவின் பெட்டி இளைப்பதும் அப்பாவின் கண் மங்குவதும் தெரியவில்லை. மருமகள் கேட்காமல் எடுத்தாள் என்றால், மகன் கேட்காமலே இருந்திருக்கிறார்.

இனி செய்ய வேண்டியது. பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து அவர் முன்னால் திறங்கள். வெட்டியதைச் சொல்லுங்கள், எந்தெந்தப் புத்தகம் என்றும் சொல்லுங்கள். கணவர் சொல்லட்டும் என்று தள்ள வேண்டாம். கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு மிச்சத்தை ஒவ்வொன்றாக எடுத்துத் தலைப்பைப் படியுங்கள், ஓரத்தில் எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். இதைக் கொடு, இதை வை என்று அவர் பிரிக்கட்டும். துதிக்கை போல் வளைந்த பழைய ‘லை’, ‘னை’, சுழித்த ‘றா’, ‘னா’ உள்ள புத்தகங்கள் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியவை. அவர் வேண்டாம் என்று சொன்னாலும் அவற்றில் கத்தரி வைக்காதீர்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பழைய தமிழ் அச்சு நூல்களைச் சேர்த்துப் பாதுகாக்கிறார்கள். முதலில் அங்கே கேளுங்கள்.

தொழிலாகப் பார்த்தாலும் அந்தத் தாள் மணிக்கு ஆகாது. மரக்கூழில் செய்த மட்டத் தாள் நாளாக நாளாக அமிலம் ஏறி நொறுங்கும். மூலையை முன்னும் பின்னும் மடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று மடிப்பில் ஒடிந்தால், உருட்டும்போது வெடிக்கும். பூச்சுக்குள்ளேயே விரிசல் விடும். வாடிக்கையாளர் கேட்பது பழுப்பு நிறத்தைத்தான். காபி விளையும் மலையில் இருந்துகொண்டு பழுப்புக்கு அலைவானேன்? ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு ஸ்பூன் காபித்தூள் போட்டு டிகாக்‌ஷன் இறக்குங்கள். பால், சர்க்கரை கூடாது. சர்க்கரை பட்டால் எறும்பு வரும். நன்றாக ஆறியதும் தட்டில் ஊற்றி, நொறுங்காத தாளை ஐந்து நிமிடம் முக்கி, துணி மேல் பரப்பிக் காயவைத்து, மேலே இன்னொரு துணி போட்டு இஸ்திரி போடுங்கள். பாடத்திட்டம் மாறிப்போன கைடு, பழைய பாடப் புத்தகம் எல்லாம் சேலம் பழைய பேப்பர் கடைகளில் எடைக்குக் கிடைக்கும். அதைவிட நல்லது அச்சகத்து வேஸ்ட் ஷீட். மை சமனாகும் வரை மெஷினில் ஓடவிட்டுத் தள்ளும் தாள். மடிக்காத முழு ஷீட், நீளப் பட்டை ஒட்டுப் போடாமல் வரும். வழவழப்பான வார இதழ் தாள் பார்க்க அழகு, ஆனால் பசை உள்ளே இறங்காது.

வால் பிரிவதற்கு மழை மட்டும் காரணமல்ல. தாளுக்கு நார் ஓடும் திசை உண்டு. கிழித்துப் பாருங்கள்: நார்ப் போக்கில் நேராகக் கிழியும், குறுக்கே கோணிக்கொண்டு போகும். பட்டையின் நீளம் நாருக்குக் குறுக்கே இருந்தால்தான் தாள் கம்பியில் அடங்கிச் சுருளும். ஒழுங்காகக் கட்டிய புத்தகத்தில் நார் மேலிருந்து கீழாக, முதுகுக்கு இணையாக இருக்கும். நீளப் பட்டை வேண்டும் என்று நீங்கள் பக்கத்தின் உயரவாக்கில் வெட்டியிருப்பீர்கள். அது நிமிரத்தான் பார்க்கும். டெமி அளவுப் புத்தகத்தில் அகலம் சுமார் 14 செ.மீ. அந்தப் பக்கமாக வெட்டி இரண்டை ஒட்டுங்கள். முதல் துண்டு 2 செ.மீ. அகலத்தில் தொடங்கி 1 செ.மீ.யில் முடியட்டும், இரண்டாவது 1 செ.மீ.யில் தொடங்கிக் கூராக முடியட்டும். ஒட்டுக்கு 5 மி.மீ. போதும். இப்படி உருட்டினால் நடுவில் சுமார் 6 மி.மீ. பருமன் வரும், ஒற்றைத் துண்டில் நாலரைதான் வரும், கழுத்தில் சோனியாகத் தெரியும்.

உருட்டத் தென்னங்குச்சி வேண்டாம், ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சிறுத்திருக்கும், மணி மாட்டிக்கொள்ளும். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி 2 மி.மீ., ஒரே சீர். அகன்ற முனையில் முதல் 1 செ.மீ.க்குப் பசை கூடாது, கம்பியில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு மெல்லிசாக, கடைசி 3 செ.மீ.க்குக் கொஞ்சம் தாராளமாக. ஃபெவிகால் இரண்டு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு. அதற்கு மேல் நீர்த்தால் தாள் ஊதி, காயும்போது வால் தூக்கும். முனையைக் கட்டை விரலால் அழுத்திப் பத்து எண்ணிவிட்டு விடுங்கள். ஜவ்வரிசிக் கஞ்சி போதுமே என்று சேலத்தில் யாராவது யோசனை சொல்வார்கள். கரப்பானுக்கும் வெள்ளிப் பூச்சிக்கும் அது விருந்து. பைண்டிங் கடையில் பசையில் மயில்துத்தம் கலப்பார்களே, அது நஞ்சு. கழுத்தில் போடும் பொருளில் அது சேரக் கூடாது.

வெள்ளை பூப்பது ஈரத்தால். ஸ்பிரிட்டில் கரைத்த பாலிஷ் காயும்போது மணியின் மேல்பகுதி சட்டென்று குளிரும், பனிக்காற்றின் ஈரம் அதில் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்ளும். உருட்டிய மணியை வெயில் நாளில் ஒரு நாள், மழை நாளில் இரண்டு நாள் காயவிட்டு, மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு ராத்திரி வையுங்கள். பூச்சு, பனி விலகிய பகல் 11 மணிக்கு மேல், 3 மணிக்குள். மூன்று கை, ஒவ்வொன்றும் மெல்லிசாக; ஒரு கை காய்ந்த பிறகே அடுத்தது. துளையின் இரண்டு வாயிலும் பூச்சு இறங்க வேண்டும், வியர்வை அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. தங்கூசியில் இடைவெளி விட்டுக் கோத்துத் தொங்கவிடுங்கள். ஏற்கெனவே பூத்த மணியை, வெயில் அடிக்கும் நாளில் ஸ்பிரிட் தொட்ட துணியால் லேசாக ஒரு தடவு தடவினால் சிக்கிய ஈரம் வெளியேறித் தெளியும். இது ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்த பிரெஞ்ச் பாலிஷுக்கு மட்டும். மேல்பூச்சாக ஃபெவிகாலையே தடவுகிற வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். வியர்வை பட்டதும் பிசுபிசுக்கும்.

காது அரிப்பு பெரும்பாலும் மலிவுக் கொக்கியில் இருக்கும் நிக்கலால் வருவது. வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன சேலம் உங்கள் மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு பட்டறையில் 92.5 வெள்ளிக் கம்பியில் கொக்கி வளைத்து வாங்குங்கள்.

விலை. 45 செ.மீ. மாலைக்கு, இடையிடையே சின்னக் கண்ணாடி மணி கோத்தால், காகித மணி சுமார் 18 வேண்டும். ஒரு மணிக்கு மூன்று நிமிடம் என்றால் உருட்டவே ஒரு மணி நேரம் ஆகும். வெட்டுவது, பூசுவது, கோப்பது சேர்ந்தால் இரண்டு. எஸ்டேட்டில் ஆளுக்கு ஒரு நாள் கூலி என்ன எழுதுகிறார் என்று கணவரைக் கேட்டு, அதை எட்டால் வகுத்தால் உங்கள் ஒரு மணி நேரத்துக் கூலி வரும். இரண்டு மணி நேரக் கூலி, கொக்கி, கண்ணாடி மணி, பாலிஷ் செலவு, அதற்கு மேல் கடைக்காரர் பங்கு. கணக்கை அவரையே போடச் சொல்லுங்கள். கேலி குறையும்.

நீலம் படிந்த மணிகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஊறவைத்துப் பிரித்து எழுத்தை மீட்கலாம் என்றும் நினைக்காதீர்கள், தண்ணீர் பட்டால் மிச்ச மையும் போய்விடும். கடையில் அந்த மாலைகள் எத்தனை தொங்குகின்றனவோ அத்தனையையும் இன்றைக்கே இறக்கிக்கொண்டு வாருங்கள். பெட்டியைத் திறக்கும்போது அவையும் மாமனார் கையில் இருக்க வேண்டும்.