நர்சிங் படிக்கிறேன், பல் டாக்டரிடம் போகப் பயம்

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வார்டில் தயங்காமல் ஊசி போடுவேன். ஆனால் பல் டாக்டர் என்றாலே கை கால் நடுங்குகிறது. சின்ன வயதில் சரியாக மரத்துப்போகாமலே பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். இப்போது கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தை, வலிக்கும்போது மாத்திரை போட்டுச் சமாளிக்கிறேன். ‘நர்ஸுக்கே பயமா’ என்று கேலி செய்வார்களோ என்று யாரிடமும் சொல்லவில்லை. என்ன செய்வது டாக்டர்?

பதில்: முதலில் அந்த வெட்கத்தை விடுங்கம்மா, பயத்தைவிட அதுதான் உங்களை அதிகம் தடுக்கிறது. எம்.பி.பி.எஸ்., நர்சிங், பார்மசி மாணவர்களிடம் பல நாடுகளில் ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள், எல்லாரிடமும் இந்தப் பயம் இருக்கிறது. பல் மருத்துவம் படிப்பவர்களிடம் மட்டும் கொஞ்சம் குறைவு, அதுவும் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் நன்றாகக் குறைகிறது. வார்டில் சிரிஞ்சு உங்கள் கையில் இருக்கிறது. பல் நாற்காலியில் வாயைத் திறந்தபடி மல்லாந்து கிடக்கிறீர்கள், பேச முடியாது, உள்ளே நடப்பது தெரியாது, போதாததற்கு ஏற்கெனவே ஒருமுறை வலித்தும் இருக்கிறது. பயம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

போனதும் டாக்டரிடம் இரண்டையும் சொல்லிவிடுங்கள்: பயம் இருக்கிறது, முன்பு ஒருமுறை மரத்துப்போகாமல் பல் எடுத்தார்கள். நர்சிங் மாணவி என்று மட்டும் சொன்னால் ‘இவருக்கு எல்லாம் தெரியும்’ என்று நினைத்து விளக்காமலே வேலையை ஆரம்பித்துவிட வாய்ப்பு உண்டு. சொல்ல வாய் வரவில்லையா, பல் சிகிச்சைப் பயத்தை அளக்க 1995இல் வந்த எம்.டி.ஏ.எஸ். என்ற ஐந்து கேள்விப் படிவம் இருக்கிறது, அதை நிரப்பிக் கொடுங்கள். மொத்தம் 25 மதிப்பெண், 19 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையான பயம் என்று எடுத்துக்கொள்வோம்.

ஊசியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ஈறைப் பஞ்சால் துடைத்து, மரத்துப்போகும் ஜெல்லைத் தடவி ஓரிரு நிமிடம் விட வேண்டும், அப்புறம் மருந்தை மெதுவாகச் செலுத்த வேண்டும், அவசரமாகத் தள்ளினால்தான் அதிகம் வலிக்கும். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு உதடு தடித்துப்போன மாதிரி ஆகச் சில நிமிடங்கள் பிடிக்கும், அதுவரை பல்லைத் தொட வேண்டாம் என்று தயங்காமல் கேளுங்கள். மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் மருந்தோடு பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும், அதனால் கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கலாம், தானாக அடங்கிவிடும். மரத்த பிறகும் அழுத்தமும் டிரில்லின் அதிர்வும் தெரியும், சுருக்கென்ற வலி இருக்கக் கூடாது. இருந்தால் இடது கையைத் தூக்குவேன், நிறுத்திவிடுங்கள் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு ஏற்பாட்டிலேயே பலருக்குப் பாதிப் பயம் போய்விடும்.

ஊசியைப் பார்த்தால் மயக்கம் வரும் ஆளாக இருந்தால், கை கால் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கிப் பிடித்து, பிறகு தளர்த்தி, இப்படி ஐந்து முறை செய்யுங்கள், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்காது. ஹாஸ்டல் பிள்ளைகள் காலை டிபனைத் தவிர்த்துவிட்டு வந்து உட்காருவார்கள், தயவுசெய்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தோழி சொன்னாள் என்று அல்பிரசோலம், புரொப்ரனலால் போன்ற பதற்றம் குறைக்கும் மாத்திரை எதையும் நீங்களாகப் போட வேண்டாம், தேவைப்பட்டால் டாக்டரே தருவார்.

தள்ளிப் போடுவதைப் பற்றியும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மாத்திரை வலியை மறைக்கும், சொத்தை உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். ஜில்லென்று தண்ணீர் குடித்தால் வரும் கூச்சம் சில விநாடிகளில் போய்விடுகிறது என்றால் பெரும்பாலும் அடைப்பதோடு முடியும். நிமிடக் கணக்கில் நீடித்தாலோ, இரவில் சும்மா படுத்திருக்கும்போதே விண்விண் என்று தெறித்தாலோ ரூட் கேனால் தேவைப்படலாம். அந்த அளவுக்கு வீங்கிப்போன நரம்பு மரத்துப்போகவும் லேசில் ஒத்துக்கொள்ளாது. ஆக, வலிக்குப் பயந்து தள்ளிப் போட்டால் வலிக்கத்தான் வாய்ப்பு அதிகமாகும்.

முதல் தடவை பரிசோதனையும் எக்ஸ்-ரேவும் மட்டும் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று சொல்லியே நேரம் வாங்குங்கள், இந்த வாரமே. அதற்குள் கன்னம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாயைத் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமானால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.