கிழமை பாத்து கெளம்புங்க: வாசகர் கேள்வி, நம்ம பதில்

இந்த தடவை வந்த கேள்வில பாதி, கார் எடுத்துட்டு எங்கயாவது கெளம்பறத பத்தி தான். அதனால மத்ததெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வெச்சாச்சு.

கேள்வி: காலாண்டு லீவுல நாங்க ரெண்டு பேர், ரெண்டு பசங்க, மாமியார், எல்லாரும் கார்ல போலாம்னு இருக்கோம். வெளிநாட்டுல எல்லாம் இலையுதிர் காலத்துல கிராமம் கிராமமா நிறுத்தி சந்தை பாத்துட்டு நிதானமா போறாங்கல்ல, அந்த மாதிரி. மூணு நாள் தான் டைம். எங்க போலாம்? (குரோம்பேட்டை வாசகி)

இங்க இலை சிவந்து உதிர்றதெல்லாம் கிடையாது மேடம், நமக்கு வாய்ச்சது புரட்டாசி. பகல்ல வெயில் மண்டைய பொளக்கும், சாயங்காலம் ஆனா எங்கயாவது இடி இடிச்சு ஒரு மழை கொட்டும், மறுநாள் காலைல ஊரே கழுவி விட்ட மாதிரி இருக்கும். வடகிழக்கு பருவமழை வழக்கமா அக்டோபர் 20 வாக்குல தான் ஆரம்பிக்கும், அதனால உங்க காலாண்டு லீவு சரியான நேரம் தான். காலைல சுத்துங்க, மதியத்துக்கு மேல ஒரே ஊர்ல இருங்க, அவ்ளோதான்.

ஆனா முதல்ல ஊரை முடிவு பண்ணாதீங்க, கிழமைய முடிவு பண்ணுங்க. எல்லாரும் இங்க தான் கோட்டை விடறாங்க. ரூம் போட்டு, ரூட் போட்டு, போய் இறங்கினா சந்தை நேத்தே முடிஞ்சிருக்கும், காலி திடலும் நாலு தகர ஷெட்டும் நாயும் தான் இருக்கும். செஞ்சி வெள்ளிக்கிழமை, உளுந்தூர்பேட்டை புதன், வேலூர் பக்கம் பொய்கை மாட்டுச்சந்தை செவ்வாய், போச்சம்பள்ளி ஞாயிறு. உங்களுக்கு நான் செஞ்சிய தான் சொல்வேன், ஏன்னா சந்தையும் கோட்டையும் ஒரே ஊர்ல, மாமியார வெச்சுகிட்டு ரொம்ப அலைய வேண்டாம்.

வியாழன் காலைல கெளம்புங்க. ஜிஎஸ்டி ரோட்டுல நேரா திண்டிவனம் அடிச்சு செஞ்சி போனா 150 கிலோமீட்டர் தான், மதியத்துக்குள்ள முடிஞ்சிடும், ஆனா அப்புறம் எதுக்கு ட்ரிப்புன்னு பேரு? செங்கல்பட்டு தாண்டி உள்ள திரும்பி உத்திரமேரூர் போங்க. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் பூரா பராந்தக சோழன் காலத்து கல்வெட்டு, குடவோலை தேர்தலுக்கு யார் நிக்கலாம் யார் நிக்கக்கூடாதுன்னு. வயசு 35க்கு மேல 70க்குள்ள இருக்கணும், சொந்த நிலம் இருக்கணும், முன்னாடி பதவில இருந்து கணக்கு காட்டாதவன் நிக்கவே கூடாது, அவன் சொந்தக்காரனும் கூடாது. பசங்க கிட்ட இத சொல்லிட்டு சுவத்த காட்டுங்க, மொபைல கீழ வெச்சிடுவாங்க (ஒரு பத்து நிமிஷத்துக்கு). அங்கருந்து வந்தவாசி, கோரைப்பாய்க்கு பேர் போன ஊர், மாமியாருக்கு கண்டிப்பா ஒண்ணு வாங்குவீங்க, டிக்கில இடம் விட்டு வைங்க. அப்புறம் சேத்துப்பட்டு வழியா செஞ்சி. வழில வேகவெச்ச மல்லாட்டை (வேர்க்கடலை தான்) கண்ல பட்டா நிறுத்துங்க, சீதாப்பழம் கூடைல வெச்சிருப்பாங்க, கண்ணு நல்லா விரிஞ்ச பழமா பாத்து எடுங்க.

வெள்ளி விடியறதுக்கு முன்னாடி நீங்களும் வீட்டுக்காரரும் மட்டும் சந்தைக்கு போங்க, பசங்கள எழுப்பி அழ விடாதீங்க. ஆட்டு வியாபாரம் வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்துலயே அடங்கிடும், காய்கறி கடைங்க தான் அப்புறமும் இருக்கும். புரட்டாசில பாதி பேர் கறி சாப்பிட மாட்டாங்க, அதனால ஆட்டுச்சந்தை கொஞ்சம் மந்தமா தான் இருக்கும், நெரிசல் இல்லாம நின்னு பாக்க அதுவே நல்லது. தீபாவளிக்கு முன்னாடி வர்ற வெள்ளிக்கிழமைல போனீங்கன்னா ஆட்டுக்கும் ஆளுக்கும் நடுவுல கால் வெக்க இடம் இருக்காது.

டிபன் முடிச்சதும் கோட்டை. சிவாஜி 1677ல பிடிச்ச கோட்டை, 2025ல மராட்டிய கோட்டைகளோட சேத்து யுனெஸ்கோ லிஸ்ட்ல வந்திருக்கு. ராஜகிரி மேல ஏறணும்னா வெயிலுக்கு முன்னாடி ஏறுங்க, மாமியாருக்கு கீழ இருக்கற கல்யாண மஹாலும் களஞ்சியமும் போதும். அப்புறம் விழுப்புரம் ரோட்டு பக்கமா மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாம கட்டினேன்னு மகேந்திரவர்மன் கல்வெட்டுல பெருமை அடிச்சிருக்கற குடைவரை கோயில் அது, சின்னது தான், கூட்டமும் அதிகம் இருக்காது, எனக்கு கோட்டைய விட இது தான் பிடிக்கும். ராத்திரிக்கு பாண்டிச்சேரி போயிடுங்க, வயசானவங்களுக்கு பாத்ரூம் வசதியோட ரூம் அங்க சுலபமா கிடைக்கும். சனிக்கிழமை ஈசிஆர்ல மரக்காணம் உப்பளம் பாத்துட்டே திரும்பிடலாம், மழை முன்னாடியே பிடிச்சிருந்தா உப்பு இருக்காது, வெறும் தண்ணி தான்.

கேள்வி: சந்தைல நாங்க சிட்டி ஆளுங்கன்னு தெரிஞ்சாலே விலை ஏத்திடறாங்க. எப்படி பேரம் பேசறது? (பெரம்பூர் வாசகர்)

சார், நீங்க கார்ல வந்து இறங்கினத அவங்க பாத்தாச்சு, அப்புறம் என்ன பேரம்! காய்கறிய பொறுத்தவரைக்கும் ஒரு ரவுண்டு வாங்காம சுத்துங்க, உள்ளூர்காரங்க என்ன விலைக்கு வாங்கறாங்கன்னு காதுல விழும். கூறு கட்டி வெச்சிருக்கறத எடை போட சொல்லாதீங்க, கூறு கூறா தான் விலை. பத்து ரூபா கீரைக்கு ரெண்டு ரூபா குறைக்க சொல்ற ஆளா நீங்க இருந்தா இந்த பத்திரிகைய கீழ வெச்சிடுங்க. ஜிபே நிறைய பேர் கிட்ட இருக்கு, ஆனா சிக்னல் காலை வாரும், பத்து இருவது ரூபா சில்லறையா வெச்சுக்கங்க. துணிப்பை உங்களோடது.

மாட்டுச்சந்தைல பேரம் பாக்கணும்னா அது தனி கூத்து. தரகரும் வாங்கறவரும் கைமேல துண்ட போட்டு மூடிட்டு உள்ள விரலை பிடிச்சே விலை பேசிப்பாங்க, பக்கத்துல நிக்கறவனுக்கு ஒண்ணும் புரியாது, மூஞ்சிய பாத்து நாமளா கணக்கு போட்டுக்க வேண்டியது தான். அந்த நேரத்துல போய் குனிஞ்சு துண்டுக்குள்ள வீடியோ எடுக்காதீங்க, அது அவங்க பொழப்பு. கேட்டுட்டு எடுத்தா நிறைய பேர் சிரிச்சிட்டே நிப்பாங்க.

கேள்வி: போச்சம்பள்ளி சந்தைய ஒரே நாள்ல பாத்துட்டு சென்னை திரும்ப முடியுமா? (அண்ணா நகர் வாசகி)

முடியும், ஆனா வேணாம். ஒரு பக்கமே 250 கிலோமீட்டர் கிட்ட வரும். சனி ராத்திரி கிருஷ்ணகிரி இல்ல திருப்பத்தூர்ல தங்கிட்டு ஞாயிறு காலைல போங்க. பாத்திரம், துணி, மளிகை, காய், ஆடு, கோழின்னு எல்லாம் ஒரே இடத்துல விக்கற பெரிய சந்தை, அரை நாளாவது வேணும்.

கேள்வி: எலக்ட்ரிக் கார் வெச்சிருக்கேன், கிராமத்து பக்கம் தைரியமா போலாமா? (வேளச்சேரி வாசகர்)

ஹைவேல சார்ஜர் இருக்கு, உள்ள போனா நம்பாதீங்க. ராத்திரி தங்கற எடத்துல சார்ஜ் போட விடுவாங்களான்னு ரூம் புக் பண்ணும்போதே ஃபோன்ல கேட்டுடுங்க. அத விட முக்கியம், எந்த கார்னாலும் இருட்டினப்புறம் கிராமத்து ரோட்டுல ஓட்டாதீங்க, மழை நேரத்துல மாடு தார் ரோட்டு மேல தான் வந்து படுக்கும், பின்னாடி லைட் இல்லாத டிராக்டரும் வரும். கூகுள் மேப் சுருக்கு வழின்னு ஏரிக்கரை மேல ஏத்தி விட்டா ஏறாதீங்க, எதிர்ல வண்டி வந்தா ரிவர்ஸ்லயே வர வேண்டியிருக்கும்.

கேள்வி: எனக்கு தீபாவளிக்கு அப்புறம் தான் லீவு. நவம்பர்ல போலாமா? (வில்லிவாக்கம் வாசகர்)

நவம்பர் புயல் மாசம் சார், வானிலை அறிக்கைய பாத்து ஒரு நாள் ரெண்டு நாள் வேணா போலாம், முன்கூட்டியே பணம் கட்டி ரூம் போடாதீங்க. தள்ளி வெக்க முடியும்னா ஜனவரி பின்பாதி தான் பெஸ்ட். ஏரி ரொம்பியிருக்கும், வேடந்தாங்கல்ல பறவை இருக்கும், சம்பா அறுப்பு நடக்கும், பனங்கிழங்கு ரோட்டோரம் கட்டு கட்டா வரும். திருவண்ணாமலைய சேக்கறதா இருந்தா காலண்டர்ல பௌர்ணமி பாத்துட்டு சேருங்க, கிரிவலக் கூட்டத்துல கார் நகராது. பொங்கல் லீவு முடியற அன்னிக்கு மட்டும் திரும்பி வராதீங்க, பரனூர் டோல்ல ஃபாஸ்டேக் இருந்தும் ஒண்ணும் ஆகாது, ஒரு நாள் முன்னாடியோ பின்னாடியோ வந்துடுங்க.