வாசகர் கேள்வி: வீடியோ பாத்தா புரியுது, அப்புறம் மறந்துடுது

கேள்வி: எனக்கு 54 வயசு. ஆன்லைன்ல நாலஞ்சு கோர்ஸ் சேர்ந்தேன், எதையும் முடிக்கல. பாக்கும்போது புரியுது, ஒரு வாரத்துல சுத்தமா மறந்துடுது. வயசாயிடுச்சு, அவ்ளோதானா சார்?

பதில்: வயசு மேல பழி போடாதீங்க. 2011ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஏஐ பாடத்தை இலவசமா ஆன்லைன்ல நடத்துனப்போ சேர்ந்தவங்க சுமார் 1,60,000 பேர், முடிச்சவங்க இருபதாயிரத்து சொச்சம்தான். வீடியோ பாக்கும்போது எல்லாமே புரிஞ்ச மாதிரிதான் இருக்கும், பாதி அது சொல்லித் தர்றவரோட சாமர்த்தியம். 2006ல ரோடிகர், கார்பிக்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களை வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க, சில பேர் பாடத்தை திரும்பத் திரும்ப படிச்சாங்க, சில பேர் படிச்சுட்டு மூடி வெச்சு ஞாபகத்துல இருந்து எழுதிப் பாத்தாங்க, அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சா முதல் கூட்டம் முன்னாடி, ஒரு வாரம் கழிச்சு வெச்சா எழுதிப் பாத்தவங்க முன்னாடி!

அதனால வீடியோவ அப்பப்போ நிறுத்திட்டு, பாக்காம ரெண்டு வரி எழுதுங்க. பேனா எங்க நிக்குதோ அங்கதான் புரியல.

அப்புறம் அன்கினு ஒரு ஆப் இருக்கு, கம்ப்யூட்டர்லயும் ஆண்ட்ராய்டுலயும் இலவசம். கார்டுல முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில், பதில் சொன்னதும் கஷ்டமா சுலபமான்னு ஒரு பட்டன அமுக்கணும், அதை வெச்சு அந்த கார்டு நாளைக்கு வரணுமா அடுத்த மாசம் வரணுமான்னு ஆப்பே கணக்கு போட்டுக்கும். மறதி எப்படி நடக்குதுன்னு எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன் உளவியல் ஆய்வாளர் 1885லயே அளந்து எழுதிட்டார், ஆனா ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனியா தேதி குறிக்கிறது கையால ஆகுற வேலையா? டிஜிட்டல்ல நிஜமாவே புதுசுன்னா என்னைப் பொறுத்தவரை இதுதான், வீடியோ இல்ல. அடுத்தவங்க செஞ்ச கார்ட டவுன்லோடு பண்ணாதீங்க, நீங்களே எழுதுங்க, எழுதும்போதே பாதி ஏறிடும்.

கேள்வி: ஏஐ சாட்பாட் கிட்ட கேட்டு படிக்கலாமா?

பதில்: தாராளமா. ஆனா நீங்க கேள்வி கேக்குறத விட, "இந்த பாடத்துல என்னை கேள்வி கேளு, விடைய உடனே சொல்லாத"னு சொல்லிப் பாருங்க. வருஷம், பேரு, கணக்கு எல்லாம் கூசாம தப்பா சொல்லும், அதை மட்டும் வேற இடத்துல சரிபாத்துக்கங்க.

கேள்வி: சர்டிபிகேட்டுக்கு காசு கட்டணுமா?

பதில்: வேலைக்கு யாராவது கேட்டா கட்டுங்க. ஆசைக்கு படிக்கிறவங்களுக்கு எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர் இருக்கு, அமெரிக்காவோட எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இலவசமா போட்டு வெச்சிருக்கிற வெப்சைட், நிறைய பாடத்துக்கு நோட்ஸோட பரீட்சை தாளும் கிடைக்கும், லாகின்கூட கேக்காது, சர்டிபிகேட்டும் தராது.