கப்பல் நிற்பது பதினொரு மணி நேரம்: ஏதென்ஸில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: ஜூன் கடைசி வாரத்தில் குரூஸ் போகிறோம். நான், மனைவி, 11 வயது மகள், 6 வயது மகன், 70 வயது அம்மா. இத்தாலியில் ஏறி, துருக்கியின் குஷாடாசிக்குப் போய்விட்டு, மறுநாள் காலை 7 மணிக்கு ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸுக்கு வருகிறோம். மாலை 6 மணிக்குக் கப்பல் கிளம்பும், 5.30க்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டுமாம். பழங்காலக் கோயில்கள் நிற்கும் அக்ரோபோலிஸ் மலை, அதன் மியூசியம், காவலர் மாறும் நிகழ்ச்சி, சூனியோன் முனையில் சூரிய அஸ்தமனம் எல்லாம் பார்க்க ஆசை. அம்மாவுக்கு மூட்டுவலி. கப்பல்காரர்கள் நடத்தும் டூரில் சேர்வதா, நாங்களே போய் வருவதா?

பதில்: முதலில் சூனியோனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைவது இரவு 9 மணிக்குச் சற்று முன்பு. அந்த நேரத்தில் நீங்கள் கப்பலில் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். பகலிலேயே போய் வரலாமே என்றால், ஏதென்ஸிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். போக வர ஏறக்குறைய மூன்று மணி நேரம் வண்டியிலேயே கழிந்துவிடும். கடலைப் பார்த்தபடி நிற்கும், கடல் தெய்வம் பொசைடனின் கோயில் அழகுதான். ஆனால் அதற்காக அக்ரோபோலிஸை அவசர அவசரமாகப் பார்ப்பது நியாயமில்லை.

அடுத்து, நாளைக் காலையிலிருந்து கணக்குப் போடாதீர்கள். மாலையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். 5.30 என்பது கடைசி எல்லை. துறைமுக வாசலில் 4 மணிக்கு நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பாதுகாப்புச் சோதனை வரிசை இருக்கும். மூன்று நான்கு கப்பல்கள் ஒரே நாளில் நின்றால் அது நீளும். அப்படியானால் ஊருக்குள்ளிருந்து 3 மணிக்குப் புறப்பட வேண்டும். காலையிலும் 7 மணிக்குக் கப்பல் கட்டப்பட்டதும் இறங்கிவிட முடியாது. துறைமுக அதிகாரிகள் அனுமதி கொடுத்து, கூட்டம் கலைந்து, ஐந்து பேரும் வெளியே வருவதற்கு 8 ஆகலாம். ஆக, போகிற நேரத்தையும் கழித்தால் ஊரில் உங்கள் கையில் இருப்பது ஆறு மணி நேரம், கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம். ஒரு மலை, ஒரு மியூசியம், ஒரு நிதானமான சாப்பாடு, காவலர் நிகழ்ச்சி. இதற்கு அது போதும். இதற்கு மேல் ஒன்றுகூடச் சேர்க்காதீர்கள்.

கப்பல் டூரா, சொந்தமாகவா? கப்பல் டூரில் ஒரே ஒரு பெரிய பலன் உண்டு: டூர் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது உங்களை அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனியாகப் போய்த் தாமதமானால் எல்லாம் உங்கள் செலவு. ரோம் பார்க்க இறங்கும் சிவிடவேக்கியா போன்ற துறைமுகத்தில் இந்தப் பலன் பெரிது. ஊர் அங்கிருந்து 80 கிலோமீட்டர். பிரேயஸிலிருந்து அக்ரோபோலிஸ் 10 கிலோமீட்டர்தான். மெட்ரோ நின்றால் டாக்ஸி, டாக்ஸி இல்லையென்றால் பஸ். அதோடு நாற்பது பேர் கூட்டத்தில் கொடி பிடித்த வழிகாட்டியின் வேகத்துக்கு உங்கள் அம்மா ஏற முடியாது. 6 வயதுப் பையனுக்குச் சரியான நேரத்தில் கழிப்பறையும் கிடைக்காது. உங்கள் குடும்பத்துக்கு நான் சொந்தமாகப் போவதையே சொல்வேன்.

ஆனால் ஒரு சிக்கல். கிரீஸில் மஞ்சள் டாக்ஸியில் நான்கு பேருக்குத்தான் அனுமதி. நீங்கள் ஐந்து பேர். "குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிறோம்" என்ற பேச்சு அங்கே எடுபடாது. எனவே பயணம் கிளம்பும் முன்பே ஒரு வேன் முன்பதிவு செய்யுங்கள், அல்லது பொதுப் போக்குவரத்து. கோடைக்காலத்தில் குரூஸ் முனையத்திலிருந்து அக்ரோபோலிஸ் வழியாக நகர மையத்திலுள்ள சின்டக்மா சதுக்கம் வரை எக்ஸ்80 என்ற சுற்றுலாப் பஸ் விடுவது வழக்கம். அது ஓடும் நாளாக இருந்தால் அம்மாவுக்கு அதைவிட வசதி வேறில்லை. மெட்ரோ என்றால் நீல நிறத் தடத்தில் டிமோடிகோ தியேட்ரோ நிலையத்தில் ஏறி, சின்டக்மாவில் சிவப்புத் தடத்துக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே அக்ரோபோலி. நீலத் தடம் பிரேயஸுக்கு வந்தது 2022இல்தான். அதனால் பழைய பயணக் குறிப்புகள் எல்லாம் பச்சைத் தடத்தைத்தான் சொல்லும். பச்சைத் தடம் பழையது, எந்நேரமும் நெரிசல், பிக்பாக்கெட்டும் அதிகம். நீலத் தடமே எடுங்கள். முனையத்திலிருந்து மெட்ரோ நிலையத்துக்குக் கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பிரேயஸ் பெரிய துறைமுகம். திரும்பும்போது எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்பதைக் காலையிலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தீவுகளுக்குப் போகும் படகுகளின் வாசலில் போய் இறங்கிவிட்டு மூட்டையோடு ஓடுகிறவர்கள் தினமும் உண்டு. அங்கே போக்குவரத்து வேலைநிறுத்தங்களும் அவ்வப்போது வரும், முந்தின நாள் இரவே செய்தி பார்த்துவிடுங்கள்.

இனி அக்ரோபோலிஸ். 2023 செப்டம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர்தான் அனுமதி. நுழைவுச்சீட்டு நேரம் குறித்துத்தான் கிடைக்கும். 2025 ஏப்ரல் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 30 யூரோ. கிரீஸ் பண்பாட்டு அமைச்சகத்தின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். மற்ற தளங்களில் அதே சீட்டுக்கு மேல் ஒரு தொகை ஏற்றியிருப்பார்கள். உங்களுக்கு 9 மணிச் சீட்டு சரி. 8 மணிச் சீட்டு வாங்கினால் கப்பல் அரை மணி தாமதமானாலும் பணம் போச்சு.

வெயிலை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நமக்குப் பழக்கமான வெயில்தானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மலையுச்சியில் நிழல் என்று ஒன்று கிடையாது. வெள்ளைச் சலவைக்கல் சூட்டைத் திருப்பி முகத்தில் அடிக்கும். 2023, 2024, 2025 கோடைகளில் அனல்காற்று வீசிய நாட்களில் நண்பகல் வாக்கிலிருந்து சுமார் மாலை 5 மணி வரை அக்ரோபோலிஸையே மூடினார்கள். காலையில் ஏறி, நண்பகலுக்குள் இறங்கிவிடுவதுதான் வழி. ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ அவசியம். நூற்றாண்டுகளாகக் கோடிக்கணக்கான கால்கள் பட்டுத் தேய்ந்த கல், ஈரமில்லாமலே வழுக்கும்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அக்ரோபோலிஸுக்கு 2020 டிசம்பரிலிருந்து லிஃப்ட் உண்டு. ஆனால் அது சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் நடக்க இயலாதவர்களுக்கும். பலத்த காற்று அடித்தால் நிறுத்தியும் விடுவார்கள். மூட்டுவலிக்கு விடுவார்களா என்பதை அங்கே போய்ப் பேரம் பேசாதீர்கள். மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு, பதில் வந்தால் மட்டும் அதை நம்புங்கள்.

இல்லையென்றாலும் அம்மாவுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. என் கணக்கில் அக்ரோபோலிஸ் மியூசியம் மலைக்கு மாற்று அல்ல, மலைக்குச் சமம். 2009இல் திறந்த கட்டடம், அக்ரோபோலி மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. லிஃப்ட், ஏசி, நாற்காலி, கழிப்பறை எல்லாம் உண்டு. மேல்தளம் முழுக்கக் கண்ணாடி. மலையுச்சியிலுள்ள பார்த்தினன் கோயில் எந்தத் திசையில் நிற்கிறதோ அதே திசைக்கு அந்தத் தளத்தைத் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். கோயிலின் சிற்ப வரிசையை அது இருந்த அளவிலேயே சுற்றிலும் வைத்து, சன்னல் வழியே உண்மையான கோயிலையும் பார்க்க விட்டிருக்கிறார்கள். ஏறாமலே பார்த்தினனை இவ்வளவு நன்றாகப் பார்க்க வேறு இடமில்லை.

ஆகவே பிரிந்து போங்கள். மியூசியத்துக்கு அருகிலேயே அக்ரோபோலிஸின் தென்கிழக்கு வாசல் இருக்கிறது, பிரதான வாசலைவிடக் கூட்டம் குறைவு. 9 மணிக்கு நீங்கள் குழந்தைகளோடு அந்த வழியாக ஏறுங்கள். டயோனிசஸ் நாடக அரங்கைத் தாண்டித்தான் பாதை போகும். உங்கள் மனைவியும் அம்மாவும் மியூசியத்துக்குள் போகட்டும். நீங்கள் இறங்கி வந்ததும் மனைவிக்கு 11 மணிச் சீட்டு. தனியாளாக ஒரு மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடலாம். அனல் எச்சரிக்கை இருந்தால் மட்டும் திட்டத்தை மாற்றி, பெரியவர்கள் ஒருவர்தான் ஏறுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை.

குழந்தைகளுக்கு மேலே ஒரு வேலை கொடுங்கள். எரெக்தியோன் கோயிலின் கூரையைத் தலையில் தாங்கி நிற்கும் ஆறு பெண் சிலைகளை எண்ணச் சொல்லுங்கள். அவை பிரதிகள். அசலில் ஐந்து கீழே மியூசியத்தில், ஆறாவது லண்டனில். மியூசியத்தில் அந்த ஆறாவதின் இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறார்கள். 11 வயதுப் பெண்ணுக்கு, அதை எடுத்துப்போன பிரிட்டிஷ் பிரபு எல்கினின் கதையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. மேல்தளத்துச் சிற்ப வரிசையிலும் அப்படித்தான்: தேன் நிறத்தில் இருப்பவை அசல், பளிச்சென்று வெள்ளையாக இருப்பவை வெளிநாடுகளில் இருப்பவற்றின் சுண்ணச்சாந்துப் பிரதிகள். கோயில் ஏன் இப்படி உடைந்து கிடக்கிறது என்று பையன் கேட்பான். கி.மு. 447இல் கட்டத் தொடங்கிய கோயில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஓரளவு முழுசாகவே நின்றது. 1687இல் துருக்கியர்கள் உள்ளே வெடிமருந்தைக் குவித்து வைத்திருந்தபோது வெனிஸ் படையின் குண்டு விழுந்தது என்று சொல்லுங்கள். வெடிச் சத்தம் போட்டுக் காட்டினால் இன்னும் நல்லது. மியூசியத்தில் லெகோவால் செய்த அக்ரோபோலிஸ் மாதிரியும் உண்டு. அதன் முன்னால் அவனை அரை மணி நேரம் விட்டுவிடலாம்.

பிற்பகல் சாப்பாட்டுக்கு, பிளாக்கா என்ற பழைய பேட்டையின் சந்துகள் பக்கத்தில்தான் இருக்கின்றன. சைவமென்றால் கீரையும் சீஸும் வைத்த ஸ்பனகோபிட்டா, தக்காளியிலும் குடைமிளகாயிலும் சோறு அடைத்த கெமிஸ்தா, ஃபாவா என்ற பருப்புக் கடைசல். கெமிஸ்தாவில் கறி உண்டா என்று கேட்டே வாங்குங்கள். பிறகு சின்டக்மா. நாடாளுமன்றத்தின் முன்னால் காவலர்கள் ஒவ்வொரு மணிக்கும் மாறுவார்கள், இதற்குச் சீட்டும் கிடையாது, கட்டணமும் கிடையாது. 2 மணிக்கு நடப்பதைப் பாருங்கள். மீதி நேரத்துக்குப் பக்கத்திலேயே தேசியப் பூங்கா, நிறைய நிழல். 3 மணிக்குக் கிளம்புங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்: எல்லோருடைய கப்பல் அட்டை, கடவுச்சீட்டு நகல்கள், அம்மாவின் மாத்திரை இரண்டு நாளைக்கு, அன்றைய கப்பல் செய்தித்தாளில் அச்சிட்டிருக்கும் துறைமுக முகவரின் தொலைபேசி எண். தாமதமாகும் என்று தெரிந்தால் முதல் அழைப்பு அவருக்குத்தான். கப்பலின் நேரமும் ஊர் நேரமும் ஒன்றுதானா என்பதையும் இறங்கும்போது கேட்டுவிடுங்கள். இத்தாலிக்கும் கிரீஸுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இத்தாலியில் ஏறி, குஷாடாசியில் துருக்கிக்குள் போய், மறுபடி கிரீஸுக்குள் வருகிறீர்கள். இத்தாலியும் கிரீஸும் ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதி, துருக்கி அதற்கு வெளியே. ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா உங்களிடம் இருந்தால், பிரேயஸில் இறங்குவதே சிக்கலாகிவிடும். விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழையும் விசா என்று கேளுங்கள். கப்பலின் பயணத் திட்டத்தை அச்சிட்டு இணைத்துவிடுங்கள். துருக்கிக்கான விதி தனி, அதைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.