15,000 ரூபாயில் துருப்பிடித்த பழைய யெஸ்டியை ஓட வைக்க முடியுமா?

கேள்வி: தாத்தா ஓட்டிய யெஸ்டி ரோட்கிங் பைக் பத்து வருஷத்துக்கு மேல் கொல்லைப்புறத்தில் துருப்பிடித்துக் கிடக்கிறது. கையில் 15,000 ரூபாய்தான் இருக்கிறது. ஓட வைக்க முடியுமா, இல்லை பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?

"பழைய இரும்பு" என்ற வார்த்தையைப் பார்த்ததால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் மெக்கானிக் இல்லை. காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர். அப்பா கல்யாண வீட்டுச் சமையல்காரர், நானும் அதே தொழில்தான். "சமையல்காரனுக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும்" என்று கேட்கப்போகிற அண்ணன்மார்கள் இத்தோடு அடுத்த பதிலுக்குப் போய்விடலாம். எதில் காசு போகும் என்று மெக்கானிக் சொல்ல மாட்டார், காசைத் தொலைத்தவன் சொல்வேன்.

எங்கள் வண்டியும் ரோட்கிங்தான். 1998-ல் பக்கத்து ஊரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். மூன்று நாள் சமையல், பதினாறு ஆள். எல்லாம் முடிந்து கணக்குப் பார்க்கும்போது பாக்கி ஆறாயிரத்துச் சொச்சம். "ரொக்கம் இப்பத் தோதில்லப்பா, முகப்புல நிக்கிற வண்டிய எடுத்துக்க" என்றார்கள். அப்பாவுக்கு அப்போது சைக்கிள்தான் ஓட்டத் தெரியும். மைசூரில் யெஸ்டி கம்பெனி 1996-லேயே மூடிவிட்டது, இனி ஸ்பேர் கிடைப்பது கஷ்டம் என்பதெல்லாம் அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும், எங்களுக்குத் தெரியாது. கியர் போடுகிற லிவரையே உள்ளே தள்ளித் திருப்பினால் அதுதான் கிக்கர் என்று கண்டுபிடிக்கவே அப்பாவுக்கு ஒரு வாரம் ஆனது.

ஆனாலும் ஒன்பது வருஷம் உழைத்தது. சந்தையிலிருந்து காய்கறி மூட்டை, வாழையிலைக் கட்டு, ஒரு தடவை உயிரோடு எட்டுக் கோழி. 2007-ல் அப்பாவுக்கு முழங்கால் போனதும் மாட்டுக் கொட்டகையில் நிறுத்தினோம். அங்கேதான் தப்பு செய்தோம். மழையில் நின்றிருந்தால்கூட இவ்வளவு துரு பிடித்திருக்காது. மாட்டு மூத்திரத்தில் இருக்கிற உப்பும், ராத்திரி முழுக்க நிற்கிற ஈரமும் இரும்பைச் சும்மா விடாது. உங்கள் வண்டி மாட்டுக் கொட்டகையில் நிற்கிறது என்றால் இந்தப் பதிலைப் பாதியில் விட்டுவிட்டுப் போய் முதலில் அதை வெளியே தள்ளுங்கள்.

2020 ஊரடங்கில் ஒரு கல்யாணமும் இல்லை. இருக்கிற காசு அரிசிக்கே சரி. பொழுது மட்டும் மலையாகக் கிடந்தது. வண்டியை வெளியே இழுத்தேன். சக்கரம் இரண்டும் மண்ணில் புதைந்திருந்தது, கிக்கர் அசையவில்லை, பெட்ரோல் டேங்க்கைக் குலுக்கினால் உண்டியல் மாதிரி சத்தம்.

இன்ஜின் இறுகியிருந்தால் கிக்கரில் ஏறி மிதிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் டீசலும் டூ-டி ஆயிலும் (பெட்ரோலோடு கலக்கிற ஆயில்) கலந்து ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். எனக்கு ஆறாவது நாள் சாயங்காலம் 'கிணுக்' என்று ஒரு அசைவு வந்தது. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

இனி துரு. டேங்க்குக்குள் இருக்கிற துருவுக்குப் புளி போதும். கடையில் விற்கிற கெமிக்கல் வேண்டாம். கறுத்துப்போன பழைய புளி எங்கள் வீட்டில் பானை பானையாக இருந்தது. அரைக் கிலோ புளியைக் கரைத்து வடிகட்டி ஊற்றி, கூடவே ஒரு கை பழைய நட்டுகளைப் போட்டு, அடைத்து, நினைவு வரும்போதெல்லாம் குலுக்கினேன். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற அதே சங்கதிதான், புளியில் இருக்கிற அமிலம் துருவைக் கரைக்கும். மூன்று நாளில் வந்த தண்ணீரைப் பார்த்தால் வத்தக்குழம்பு தோற்றுவிடும். கொட்டியதும் சலவைச் சோடாத் தண்ணீரில் அலசி, வெயிலில் சுண்டக் காயவைத்து, உடனே கொஞ்சம் ஆயில் விட்டுச் சுழற்றிவிட வேண்டும். ஒரு ராத்திரி ஈரமாக விட்டாலே மறுபடி செம்மஞ்சள் பூத்துவிடும்.

புளி வேலை செய்கிறது என்ற சந்தோஷத்தில் ஸ்டாண்டு, பிரேக் ராடு, நட்டு போல்ட்டு எல்லாவற்றையும் அப்பாவின் ஐம்பது படி பித்தளை அண்டாவில் போட்டு ஊறவைத்தேன். ஈயம் பூசிய அண்டா. அதைப் பற்றி அப்புறம்.

மட்கார்டு மாதிரி பெரிய தகரங்களுக்குப் புளி கட்டுப்படியாகாது. எங்கள் தெருவில் சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சார் இருக்கிறார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், சிக்ரி என்றால் காரைக்குடியில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 1948-ல் தொடங்கியது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து ஊருக்குக் கொண்டுவந்தார். இரும்பு ஏன் அரிக்கிறது என்று எழுபது வருஷமாக ஆராய்ச்சி நடக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். சார் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, "பேட்டரி சார்ஜர் இருக்கா?" என்றார்.

ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர். பத்து லிட்டருக்கு இரண்டு மூன்று கரண்டி சலவைச் சோடா. ஆப்பச் சோடா இல்லை, துணி துவைக்கிற சோடா. உப்புப் போடவே கூடாது, விஷ வாயு வரும். சார்ஜரின் மைனஸ் கிளிப் துருப்பிடித்த பாகத்தில், பிளஸ் கிளிப் வேண்டாத இரும்புத் துண்டில். இரண்டும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று தொடக் கூடாது. சுவிட்சைப் போட்டால் பாகத்திலிருந்து நுரை நுரையாகக் குமிழி கிளம்பும், துரு இளகி, தேய்த்தால் கறுப்பாக உதிரும். நல்ல இரும்பு தேயாது. வேண்டாத துண்டு என்று எவர்சில்வர் கரண்டியை மாட்டிவிடாதீர்கள், அதில் இருக்கிற குரோமியம் தண்ணீரையே விஷமாக்கிவிடும். அலுமினியப் பாகங்களையும் கார்புரேட்டரையும் இதில் போடாதீர்கள், சோடா அவற்றைத் தின்றுவிடும். அந்தக் குமிழி ஹைட்ரஜன். நான் டிரம்மைக் கோட்டை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்ததைப் பார்த்து சார் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் வையுங்கள். கிளிப்பில் கை வைக்கும் முன் சார்ஜரை அணையுங்கள்.

இவ்வளவு விவரமாகச் சொல்லிக் கொடுத்தும், இரண்டாம் நாள் அரைத்தூக்கத்தில் கிளிப்பை மாற்றி மாட்டிவிட்டேன். பிளஸ் போனது டூல் பாக்ஸ் மூடிக்கு. ஏற்கெனவே நைந்த தகரம், காலையில் தூக்கிப் பார்த்தால் இடியாப்பத் தட்டு. இன்றைக்கும் அந்த மூடியோடுதான் ஓட்டுகிறேன். பார்க்கிறவர்கள் காற்றோட்டத்துக்கு வைத்த டிசைன் என்று நினைக்கிறார்கள்.

சைலன்சரை மறக்காதீர்கள். ரோட்கிங்குக்கு இரண்டு. உள்ளே இருக்கிற குழாயில் ஆயில் கரி அடைத்திருக்கும், வண்டி இழுக்காது. அதை உருவி அடுப்பில் போட்டுச் சுட்டுத் தட்டினால் கரி கொட்டிவிடும். எங்களுக்குக் கோட்டை அடுப்பு இருந்தது, விறகும் இருந்தது. இந்த ஒரு வேலையில் மட்டும் சமையல்காரன் மெக்கானிக்கைவிடக் கெட்டிக்காரன்.

இப்போது என் காசு போன கதை. பிஸ்டனும் போரிங்கும் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வது) சேர்த்து 4,200 ஆனது. இன்ஜினைப் பிரித்த மெக்கானிக் அண்ணன், "கிராங்க் சீலும் பேரிங்கும் மாத்திடு தம்பி, கூலியோட 5,500 ஆகும்" என்றார். சீல் என்றால் கிராங்க் தண்டின் இரண்டு பக்கமும் காற்றும் ஆயிலும் கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பதின்மூன்று வருஷம் சும்மா நின்ற ரப்பர் எப்படிக் கெடும் என்று வாதாடி, வேண்டாம் என்றுவிட்டேன். அந்த 5,500-ல் டேங்க்குக்குப் பளபளவென்று பெயின்ட் அடிக்கலாம் என்று எனக்கு ஆசை.

வண்டி மூன்றாவது உதையில் கிளம்பியது. தெருவே புகை. பெட்ரோல் லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கணக்கு சரியாகத்தான் இருந்தது, புகை ஏன் என்று யோசிக்கவில்லை. பள்ளத்தூர் தாண்டி கானாடுகாத்தான் சாலையில் போகும்போது ஒரு நிமிஷம் வண்டிக்கு றெக்கை முளைத்த மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷம் 'கிர்ர்' என்று பின்சக்கரம் இழுத்து நின்றது. புது பிஸ்டன் கவ்விக்கொண்டது.

யெஸ்டி மாதிரி டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் சீல்தான் உயிர். கியர் பக்கத்துச் சீல் காய்ந்துபோனால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகைக்கும். டைனமோ பக்கத்துச் சீல் காய்ந்தால் காற்றை உறிஞ்சும், பெட்ரோலும் ஆயிலும் குறைந்து சூடேறி பிஸ்டன் பிடித்துவிடும். எனக்கு இரண்டும் ஒரே நாளில். ஓடுகிற வண்டியில் சீலுக்கு ஆயில் பசை இருந்துகொண்டே இருக்கும், நின்ற வண்டியில்தான் அது கல்லாகும். மத்தியான வெயிலில் வண்டியை உருட்டிக்கொண்டு வரும்போதுதான் இதெல்லாம் புரிந்தது. அதே 5,500-ஐக் கொடுத்து, மறுபடி போரிங்குக்கும் பிஸ்டனுக்கும் 4,400 அழுதேன்.

உருட்டிக்கொண்டு வருகிற வழியில் இன்னொன்றும் நடந்தது. பழைய வீட்டை ஓட்டலாக மாற்றியவர் ஒருவர் காரை நிறுத்தி, வண்டியை முகப்பில் வைக்க விலைக்குக் கேட்டார். "மூடியில இருக்கிற துருவை மட்டும் எடுத்துடாதீங்க, அதுதான் அழகு" என்றார். நான் பிஸ்டனுக்கு அழுதுகொண்டிருக்கிறேன், அவருக்குத் துரு அழகு. தேக்குத் தூணையும் எனாமல் தூக்குச்சட்டியையும் காரைக்குடியில் பழம்பொருள் விற்கிற முனீஸ்வரன் கோயில் தெருவில் விலை பேசுகிற மாதிரி எங்கள் பிழைப்பையும் பேசுகிறார்கள். இதைச் சொல்லும்போதே வயிறு எரிகிற இன்னொன்று: எந்த ஊருக்குப் போனாலும் 'செட்டிநாடு சிக்கன்' என்று போர்டு. உள்ளே போனால் சிவப்புப் பொடியும் கைப்பிடி மிளகும். கல்பாசி, மராட்டி மொக்கு என்றால் அது எந்த ஊர் என்று கேட்பான். அம்மியில் மசாலா அரைத்த எங்கள் அப்பாவுக்கு ரொக்கமாகக் கூலி கொடுக்கத் தோதில்லை, பெயரை மட்டும் ஊரெல்லாம் விற்றுவிட்டார்கள். சரி, கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் தாத்தா காலமாகிவிட்டார் என்றே எடுத்துக்கொள்கிறேன் (இருந்தால் நூறு வயசு இருக்கட்டும்). ஆர்.சி. (வண்டிப் பதிவுச் சான்று) யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். எங்களுக்கு வண்டியைக் கொடுத்தவர்கள் பெயர் மாற்றிக் கொடுக்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. நான் தேடிப்போனபோது ஆர்.சி.யில் இருந்தவர் இறந்துபோயிருந்தார், வாரிசுகள் ஒருவர் சென்னை, ஒருவர் மலேசியா. உரிமையாளர் இறந்தால் வாரிசு பெயருக்கு மாற்ற 31-ஆம் நம்பர் படிவம். அதன் பிறகுதான் விற்றதாகக் காட்டி நம் பெயருக்கு வரும். 15 வருஷம் தாண்டிய வண்டிக்குத் தகுதி பார்த்து ஐந்து ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க 25-ஆம் நம்பர். எனக்கு ஏழு மாதம் ஆனது. கடைசியில் அந்த வீட்டு ஆச்சிதான் மகன்களைப் போனிலேயே சத்தம் போட்டுக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். "ஒங்க அப்பனுக்கு நாங்க பட்ட கடன், இதையும் இழுத்தடிக்கணுமா அப்பு" என்றார். உங்கள் வீட்டில் சித்தப்பா பெரியப்பா நாலு பேர் இருந்தால் வண்டி ஓட ஆரம்பிக்கும் முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஓடாத வண்டியில் பங்கு கேட்க யாரும் வர மாட்டார்கள்.

என் செலவு: சீல் பேரிங் 5,500, முதல் போரிங் 4,200, டயர் ட்யூப் 4,300, பிரேக் ஷூவும் கேபிள்களும் 1,650, வயரிங் பேட்டரி 2,400, ரெட் ஆக்சைடும் கறுப்பு எனாமலும் 700. ஆக 18,750. நான் சொன்ன மடத்தனத்துக்கு 4,400 தனி. இது 2020 விலை, இப்போது கூடியிருக்கும். 15,000-ல் முழுசாக முடியாது என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் அந்தக் காசுக்கு இன்ஜின், பிரேக், ஒரு நல்ல முன் டயர் வரை வந்துவிடலாம், மீதிக்கு இரண்டு மாதம் பொறுங்கள். சென்னைக்குப் போகிறவர் யாராவது இருந்தால் பழைய ஸ்பேர் விற்கிற புதுப்பேட்டையில் தேடச் சொல்லுங்கள். ஃபிரேமில் வெல்டிங் ஓரம் ஓட்டை விழுந்திருந்தால் மட்டும் இரும்புக் கடையைப் பற்றி யோசிக்கலாம். குரோம் பூச்சுக்கு விலை கேட்டேன், சொன்ன தொகைக்கு இன்னொரு வண்டி வாங்கலாம். ரிம் துருவைச் சுரண்டிவிட்டு அலுமினியப் பெயின்ட் அடித்தேன். பார்க்கச் சுமார்தான். டேங்க்குக்குப் பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை, அந்த ஆசையும் போய்விட்டது.

அண்டா விஷயம். புளியும் துருவும் சேர்ந்து ஈயத்தைக் கரைத்து, உள்ளே பச்சையும் கறுப்புமாக ஆகியிருந்தது. திரும்ப ஈயம் பூச 850. அதையும் பைக் கணக்கில் எழுதி 24,000 என்று அப்பாவிடம் காட்டினேன். முதல் முறை அவரைப் பின்னால் உட்கார வைத்துக் காரைக்குடி வரை போய்த் திரும்பினேன். இறங்கி, முழங்காலை நீவிக்கொண்டே, "வண்டி பரவாயில்ல. அந்த அண்டாவுல மட்டும் இனிமே சாம்பார் வைக்காத" என்றார்.