நகராட்சி தன் நிலத்தைத் தனியார் கட்டுமான நிறுவனத்துக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடுவது சரியா? குடிமக்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

விடலாம், சொத்து வைத்திருக்கவும் அதைக் குத்தகைக்கு விடவும் உள்ளாட்சி அமைப்புகளுக்குச் சட்டமே அதிகாரம் அளித்திருக்கிறது. கடை வாடகையும் நிலக் குத்தகையும் அவற்றின் முறையான வருவாய் இனங்கள் என்பதால், குத்தகை என்றாலே ஊழல் என்று முடிவுகட்டுவதை நான் ஏற்பதில்லை. ஆனால் விவாதம் பெரும்பாலும் 30 ஆண்டா, 99 ஆண்டா என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. என் பார்வையில் ஆண்டுக்கணக்கு இரண்டாம்பட்சம். அந்த நிலம் எந்தப் பயன்பாட்டுக்காக நகராட்சியிடம் இருக்கிறது, குத்தகைதாரரையும் தொகையையும் எந்த முறையில் முடிவு செய்தார்கள் என்பவையே முதலில் பார்க்க வேண்டியவை.

இதற்கு லக்னோ வழக்கைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அந்நகரின் நெரிசல் மிகுந்த கடைவீதியான அமீனாபாத்தில், விடுதலைப் போராட்டத்தோடு தொடர்புடைய ஜண்டேவாலா பூங்கா இருக்கிறது. அதன் அடியில் நிலத்தடி வணிக வளாகமும் வாகன நிறுத்தமும் கட்டுவதற்கு லக்னோ மாநகராட்சி 1993-இல் எம்.ஐ. பில்டர்ஸ் என்ற நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒப்பந்தப்புள்ளி கோரப்படவில்லை. கடைகளுக்கு விலை வைக்கும் உரிமையும், மாநகராட்சியின் சார்பில் அவற்றைக் குத்தகைக்கு விடும் உரிமையும் கட்டுபவரிடமே ஒப்படைக்கப்பட்டன. அலகாபாத் உயர் நீதிமன்றம் 1994-இல் இந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தது; மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 1999 ஜூலையில் அத்தீர்ப்பை உறுதி செய்தது. பூங்காவைப் பராமரிப்பதே ஒரு பொது நோக்கம் என்றும், அறங்காவலர் நிலையில் இருக்கும் மாநகராட்சி பொதுச் சொத்தை இவ்வாறு ஒருவருக்கே சாதகமான நிபந்தனைகளோடு கைமாற்றக் கூடாது என்றும் அத்தீர்ப்பு கூறியது. நெரிசலைக் குறைக்கவே இத்திட்டம் என்ற வாதமும் எடுபடவில்லை.

நான்கு பகுதிகளாக எழும்பியிருந்த அந்தக் கட்டடத்தில் மூன்றை இடித்துப் பூங்காவை மீட்க வேண்டும், எஞ்சிய ஒன்றை வாகன நிறுத்தமாக மாற்ற வேண்டும், இவை அனைத்தையும் மூன்று மாதங்களுக்குள் மாநகராட்சி தன் சொந்தச் செலவில் செய்ய வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது. நிறுவனம் அந்தக் கட்டடத்தின் மீதான எல்லா உரிமையையும் இழந்தது என்றாலும், இடிப்புச் செலவு வரி செலுத்துவோர் தலையில்தான் விழுந்தது. தவறான குத்தகை நீதிமன்றத்தில் தோற்றாலும் ஊருக்கு நட்டமே என்பதைக் குத்தகையை எதிர்ப்பவர்களும் பல நேரங்களில் மறந்துவிடுகிறார்கள்.

பெங்களூரிலும், மனைப்பிரிவில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை முதலமைச்சரின் உத்தரவின் பேரில் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் 1991-இல் செல்லாது என்றது. மருத்துவமனை நல்ல காரியம்தானே என்று கேட்கலாம். ஆனால் அதற்காகப் பூங்கா நிலத்தை எடுத்துக்கொடுக்கும் அதிகாரம் அரசுக்கு இல்லை.

தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு நிலம் திறந்தவெளியாக, தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். ஆகவே உங்கள் ஊரில் குத்தகைப் பேச்சு எழுந்தால், அந்நிலம் இவ்வகையைச் சேர்ந்ததா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால், தொகை எவ்வளவு என்ற கேள்விக்கே இடமில்லை. இல்லையென்றால், நகர்மன்றத் தீர்மானம், நில மதிப்பீட்டு அறிக்கை, ஏல அல்லது ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு, ஒப்பந்த வரைவு ஆகியவற்றின் நகல்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். ஒப்பந்தத்தில் உள்குத்தகைக்கு யாருடைய அனுமதி வேண்டும், குத்தகைத் தொகை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை உயரும், காலம் முடிந்ததும் கட்டடம் யாருக்குச் சேரும் என்ற பிரிவுகளை வரிவரியாகப் படியுங்கள். தகவல் கேட்கும் மனுவுக்கு 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும் என்பது சட்டம். ஆகவே குத்தகை விவகாரம் நகர்மன்றத்தின் கூட்டப் பட்டியலில் ஏறும் முன்பே மனு கொடுப்பது நல்லது. லக்னோவில் உயர் நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து இறுதித் தீர்ப்பு வரவே ஐந்து ஆண்டுகள் ஆயின.