லண்டன் துறைமுகப் பப்கள்: வாசகர் கேள்வி–பதில்

கே: பழைய கப்பல்காரர்கள் கூடினால் லண்டன் டாக் பகுதிப் பப்களின் பேச்சுதான். அத்தனையும் எப்படி மறைந்தன? குடிப்பவர்கள் குறைந்துவிட்டார்களா? (வாசகர், தூத்துக்குடி)

ப: குடிப்பவர்கள் அல்ல, கப்பல் கரையில் நிற்கும் நேரம்தான் குறைந்தது. மூட்டை, பெட்டி, பீப்பாய் என்று தனித்தனியாகச் சரக்கு இறக்கிய காலத்தில் ஒரு கப்பல் வாரக்கணக்கில் கட்டிக் கிடக்கும். பயணம் முடிந்து கணக்குத் தீர்த்த மாலுமியின் கையில் பல மாதச் சம்பளம் இருக்கும். கன்டெய்னர் வந்ததும் அந்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. கன்டெய்னர் கப்பல்களுக்கு நகருக்குள் இருந்த டாக்குகளின் (கப்பல் நிற்கும் செயற்கைக் குளங்களின்) மதகு வாயிலும் போதவில்லை. 1960-களின் கடைசியில் வேலை தேம்ஸ் ஆற்றோடு சுமார் 40 கி.மீ. கீழே, டில்பரிக்குப் போனது. கிழக்கிந்திய டாக் 1967-ல் மூடியது. லண்டன், செயின்ட் கேத்தரின் டாக்குகள் 1969-க்குள் போயின. மேற்கிந்திய, மில்வால் டாக்குகள் 1980-லும் ராயல் டாக்குகள் 1981-லும் முடிந்தன. மாலுமியோடு சுமை தூக்குபவரும் போய்விட்டார்; அன்றாட வியாபாரம் அவரால்தான் ஓடியது. 1940 செப்டம்பரில் தொடங்கிய ஜெர்மன் குண்டுவீச்சில் முன்பே போனவை வேறு. இன்று சுற்றுலாக் கூட்டம் படமெடுக்கும் ‘பிராஸ்பெக்ட் ஆஃப் விட்பி’ போன்றவை தப்பிப் பிழைத்தவை. அவற்றை வைத்துப் பழைய நிலவரத்தை எடைபோட வேண்டாம்.

கே: ‘சார்லி பிரவுன்’ பப் எங்கே இருந்தது? (வாசகர், நாகப்பட்டினம்)

ப: கிழக்கு லண்டனின் லைம்ஹவுஸில், மேற்கிந்திய டாக் சாலையில். பலகையில் இருந்த பெயர் ‘ரயில்வே டேவர்ன்’. ஆனால் அதை நடத்தியவர் பெயரைச் சொன்னால்தான் மாலுமிகளுக்குத் தெரியும். அவர்கள் கொண்டுவந்த தந்தவேலை, சீன ஜாடி, அபின் குழாய் எல்லாவற்றையும் சேர்த்து உள்ளேயே காட்சிக்கு வைத்திருந்தார். 1932-ல் அவர் இறந்தார். கட்டடத்தை 1989-ல் இடித்தார்கள்.

கே: அங்கே பீர் வெதுவெதுப்பாகத்தான் ஊற்றுவார்களாமே? (வாசகர், சென்னை)

ப: ஐஸ் போட்ட பீருக்குப் பழகிய நாக்குக்கு அப்படித் தோன்றும். பீப்பாய் பீருக்கு நிலவறையில் 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். சிறிய பீப்பாய் 9 காலன், அதாவது 72 பைன்ட். அதைப் படுக்கவைத்து, உருளாமல் ஆப்பு வைத்து, மேல் துளையில் மூங்கில் முளை அடிப்பார்கள். மிகை வாயு அதன் வழியே கசியும். நுரை அடங்கியதும் கெட்டி மர முளையை மாற்றி, குழாய் அடித்து, ஒரு நாளாவது அசைக்காமல் விட வேண்டும். அவசரப்பட்டால் வண்டல் கலங்கிக் கிளாஸுக்கு வரும். வண்டலைப் படியவைப்பது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ். (நம் கடலோரத்தில் கூறல் மீனுக்குக் கிடைக்கும் விலையும் ‘நெட்டி’ என்னும் இந்தக் காற்றுப்பைக்காகத்தான்.) ஊற்றும்போது முளையைத் தளர்த்தாவிட்டால் குழாயில் பீர் வராது. இரவில் திரும்ப இறுக்க மறந்தால் மறுநாள் பீர் சப்பென்று இருக்கும். திறந்த பீப்பாயை மூன்று நாளில் தீர்க்காவிட்டால் புளிப்பு ஏறிவிடும்.

கே: ஆங்கிலேயர் கப்பல்களில் வேலை பார்த்த நம் நாட்டு மாலுமிகளான லஸ்கர்களும் இந்தப் பப்களுக்குப் போனார்களா? (வாசகர், காரைக்கால்)

ப: அவர்களில் பெரும்பகுதி முஸ்லிம்கள், சம்பளமும் வெள்ளை மாலுமியைவிட மிகக் குறைவு; அதனால் பப்பில் அவர்களைத் தேடிப் பயனில்லை. அதே மேற்கிந்திய டாக் சாலையில் 1857-ல் ஆசிய, ஆப்பிரிக்க மாலுமிகளுக்கென்று ஒரு தங்குமிடம் திறந்தார்கள். அவர்களைப் பற்றித் தேடுபவர்கள் அந்த இடத்தின் வரலாற்றிலிருந்து தொடங்கலாம்.

கே: தாத்தாவின் கடிதத்தில் ஒரு பப்பின் பெயர் இருக்கிறது. இடத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா? (வாசகர், ராமநாதபுரம்)

ப: உண்டு, ஆனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள், ஒரே பெயரில் லண்டனில் பல பப்கள் இருந்தன. முதலில் கடிதத்தின் ஆண்டையும் தெருவையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டின் தபால் டைரக்டரியில் (தெருவாரியான முகவரிப் பட்டியலில்) தெருவைப் பிடித்து, பப்புக்கு இருபக்கமும் எந்தக் குறுக்குத் தெருக்கள் என்று பாருங்கள். கதவு எண் மாறும், தெருப் பெயரும் மாறும் (1930-களின் கடைசியில் ஏராளமாக மாற்றினார்கள்); குறுக்குத் தெரு பெரும்பாலும் அங்கேயே இருக்கும். பிறகு பிரிட்டிஷ் நில அளவைத் துறையான ஆர்டனன்ஸ் சர்வேயின் பெரிய அளவு வரைபடத்தில் ‘பி.எச்.’ (P.H., பப்ளிக் ஹவுஸ், அதாவது பப்) என்ற எழுத்தைத் தேடுங்கள்; ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இலவசம். கட்டடம் நின்றால் மூலையை வெட்டிவைத்த வாசல், கீழ்த்தளத்தில் பளபளப்பு ஓடு, நடைபாதையில் பீப்பாய் இறக்கும் இரட்டைக் கதவு, நெற்றிச் சுவரில் ‘ட்ரூமன்’ போன்ற மதுவடிப்பாலையின் பெயர், இவற்றில் ஒன்றாவது கண்ணில் படும்.